யாருடைய நேரம்?

மனமுண்டானால் இடமுண்டு என்பது பழமொழி. உடற்பயிற்சியைப் பற்றி இன்று நமக்கு உபதேசம் செய்வோர் இந்தப் பழமொழிக்கே புதுச்சட்டை அணிவித்து அனுப்புகின்றனர். ‘நேரமில்லை என்பது வெறும் சாக்கு, விடியுமுன் அரைமணி எழுந்து நடந்தால் தீர்ந்தது’ என்று ஞாயிறு மலர்களும் வானொலியும் வைத்தியர்களும் ஒரே குரலில் கூறுகின்றனர். அந்த உபதேசத்தைக் கேட்கும் கூட்டத்தில் ஒரு குழந்தையை இடுப்பிலும் மற்றொன்றைக் கைப்பிடியிலும் வைத்துக்கொண்டு ஒரு தாயும் நிற்கிறாள். அவளை இவர்கள் கண்டதாகத் தெரியவில்லை. அவள் பக்கத்தில் நின்று சில கேள்விகள் கேட்பது நமது கடமை.

உடற்பயிற்சி வேண்டாம் என்பது நம் வாதமன்று. வளர்ந்த ஒருவர் வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கம் பெறவேண்டும் என 2020ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வகுத்தது. மகப்பேற்றின் பின்னுள்ள தாய்மாருக்கும், மருத்துவத் தடை இல்லாவிடின், அதே அளவுதான். கருவுற்ற காலத்தில் நீரிழிவு கண்ட பெண்ணுக்கு அந்நோய் பிற்காலத்தில் நிலையாகவே வந்துசேரும் ஆபத்து அதிகம். அதைத் தடுக்கும் வழிகளில் உடலியக்கமும் ஒன்று. ஆகவே இது செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கன்று. உயிரோடு தொடர்புடைய காரியம். உயிரோடு தொடர்புடையது என்பதனாலேயே அது யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்கிறோம்.

வாரத்திற்கு 10,080 நிமிடங்கள். அவற்றில் 150 என்பது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. ‘இவ்வளவுமா கிடைக்காது?’ என்று கணக்குக் காட்டுகிறார்கள். கணக்குச் சரி; ஆனால் அந்த நிமிடங்கள் யாருடைய கையில் இருக்கின்றன என்பதை அது சொல்லவில்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையிலுள்ள நமது மண்டூரையே எடுத்துக்கொள்வோம். வளவிலே கிணறு, கூப்பிடு தூரத்திலே வாவி. தவழும் பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. கணவன் வயலுக்கோ, வாவியைக் கடந்து எழுவான்கரைக்கோ வேலைக்குப் போயிருப்பான். ஏணையில் பிள்ளை உறங்கும் நேரம் தாய்க்கு ஓய்வு நேரமன்று. உலை வைக்கவும் துணி துவைக்கவும் கிடைத்த நேரம். இரவில் மும்முறை எழுந்து பாலூட்டியவளை விடியுமுன் எழுந்து நடக்கச் சொல்பவர் அவளுடைய உறக்கத்தையே வெட்டித் தரச் சொல்கிறார். அந்த வேளையில் வயலோரப் பாதைகளில் காட்டு யானை நிற்கக்கூடும் என்பது பட்டினத்து உபதேசிகளுக்கு நினைவில் வருவதேயில்லை.

2022ஆம் ஆண்டு நிலையை ஆராய்ந்தோர், உலகில் வளர்ந்தோருள் நூற்றுக்கு 31 பேர் போதிய உடலியக்கம் பெறவில்லை என்றனர். ஆண்களில் 29, பெண்களில் 34. பெண்கள் இயல்பாகவே சோம்பலுடையோர் என்று இதற்குப் பொருள் சொல்வாரும் உளர். விடியல் முதல் அடங்கும்வரை உழைப்பவளைச் சோம்பேறி என்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

வேறு சிலர் எதிர்த்திசையிலிருந்து வருகின்றனர். ‘வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே! நம் பெத்தாமார் உரலில் நெல் குத்தினார்கள், மைதானத்துக்குப் போனார்களா?’ என்பது இவர்கள் வாதம். வீட்டு வேலையும் உடலியக்கமே என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒருபக்கமாகப் பிள்ளையைச் சுமந்து இடுப்பு வலிக்க, குனிந்து கூட்டி முதுகு வலிக்க, இடையறாது செய்யும் வேலை வேறு. தானே தேர்ந்து, தன் அளவுக்குச் செய்து, களைத்தபின் ஓய்வதற்கு உரிமையுள்ள பயிற்சி வேறு. தொழிலில் படும் உடலுழைப்பு ஓய்வுநேரப் பயிற்சியின் நன்மையை அப்படியே தருவதில்லை என டென்மார்க்கில் ஹோல்ட்டர்மன் முதலிய ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். இனி, பெத்தாமாரின் முதுகும் முழங்காலும் முதுமையில் எப்படியிருந்தன என்று இவர்கள் எப்போதாவது கேட்டதுண்டா?

உண்மை இதுதான்: நேரம் எவருக்கும் வானத்திலிருந்து விழுவதில்லை, ஒருவர் தர, மற்றொருவர் பெறுகிறார். பொழுதுபடும் வேளையில் மைதானத்தில் கரப்பந்தாடும் இளந்தந்தை அந்த ஒரு மணி நேரத்தைத் தன் மன உறுதியால் சம்பாதித்ததாக எண்ணுகிறான். வீட்டிலே பிள்ளையை ஏந்தி நிற்பவள் கொடுத்த மணி அது. அவன் விளையாட்டை நாம் பறிக்கக் கேட்கவில்லை. வாரத்தில் ஐந்து மாலை ஆடுபவன் இரண்டு மாலையைத் திருப்பித் தரட்டும் என்கிறோம்.

நமது கலை மரபிலும் இக்கணக்கு உண்டு. வடமோடி, தென்மோடிக் கூத்துக்களை மாதக்கணக்கில் களரியிலே பழகியவர்கள் ஆண்கள். பெண் பாத்திரத்தையும் அவர்களே ஆடினர். அதைவிட நல்ல தேகப்பயிற்சி எங்குண்டு? தாய்மாரோ பிள்ளையை மடியில் கிடத்திப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

மட்டக்களப்பில் தாய்வழிக் குடிமுறை உண்டு, வீடு மகளுக்குரியது, மணமகன் பெண்வீட்டுக்கு வருகிறான், தாயும் சகோதரியரும் பக்கத்து வளவுகளிலேயே இருப்பர். ஆகையால் இளந்தாய்க்கு உதவி உண்டு என்று சிலர் பெருமை பேசுவர். உதவி உண்டுதான், ஆனால் ஒரு பெண்ணின் பாரம் இன்னொரு பெண்ணின் தோளுக்கு மாறுகிறது, அவ்வளவே. சகோதரி மத்திய கிழக்கு நாட்டில் வேறொருவர் வீட்டுப் பிள்ளையை வளர்க்கச் சென்றுவிட்டால், அவள் பிள்ளையும் பெத்தாவின் தலையிலே. ஆண் நகராமலே சுமை நகர்வதைத் தீர்வு என்று சொல்லலாமா?

கதிர்காமப் பாதயாத்திரை மண்டூர் முருகன் ஆலயத்தையும் தொட்டுச் செல்கிறது. நேர்த்திக்கடனுக்காகக் காதவழி நடக்கும் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அதே பெண் தன் உடம்புக்காக மாலையில் இரண்டு கட்டை நடந்தால், ‘பிள்ளையை விட்டிட்டு எங்கே போகிறாள்?’ என்று படலைக்குப் படலை கேள்வி எழுகிறது. தெய்வத்துக்காக நடக்கும் கால் தனக்காக நடக்கக் கூடாதா?

எட்டு மணி உழைப்பு, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி நம் விருப்பத்துக்கு என்ற முழக்கம் 1886இல் சிக்காகோ வீதிகளில் ஒலித்தது. அந்த மூன்றாவது எட்டு இன்றுவரை தாயின் வாசலை எட்டவில்லை. எட்டவே எட்டாது என்பதும் இல்லை. கொலம்பியாவின் பொகோட்டா நகரம் 2020இல் பராமரிப்பு நிலையங்களைத் தொடங்கியது. பிள்ளைகளை அங்குள்ளோர் பார்த்துக்கொள்ள, தாய் அங்கேயே பயிற்சி செய்யலாம், படிக்கலாம், துணியும் துவைத்துக்கொள்ளலாம். அந்நகரம் தாய்மாருக்கு உபதேசம் செய்யவில்லை, நேரத்தைக் கொடுத்தது.

நாம் கேட்பது அதைவிடச் சிறிது. பாடசாலை மைதானங்கள் வாரத்தில் சில மாலைகள் தாய்மாருக்கெனத் திறக்கப்படட்டும். பக்கத்தில் வேலியிட்ட ஓர் இடமும் விளக்கும் பொறுப்பான ஒருவரும் இருக்கட்டும். ஒன்று முதல் நான்கு வயதுவரையுள்ள பிள்ளைக்கும் நாளொன்றுக்கு 180 நிமிட இயக்கம் வேண்டும் என்பதால், கையிலே கைத்தொலைபேசியைக் கொடுத்து அடக்கிவைக்கும் பிள்ளைக்கும் அந்த இடம் விடுதலையாகும். விளையாட்டுக் கழகங்கள் கிண்ணம் வெல்லும் இளைஞரை மட்டும் எண்ணாமல் இதையும் தம் பணியாகக் கொள்ளட்டும். பிரதேச சபை அதற்கென நிதி ஒதுக்கட்டும்.

அதுவரை, தந்தையரே, நிதிக்கும் தீர்மானத்துக்கும் காத்திராமல் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இன்று மாலை பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள். அழுதால் ஆற்றுங்கள், பசித்தால் ஊட்டுங்கள், அவள் திரும்பி வரும்வரை அழைக்காதீர்கள். உதவி என்று அதற்குப் பெயர் வைக்காதீர்கள். கடன் திருப்பிக் கொடுப்பதற்கு உதவி என்ற பெயர் இல்லை.