கையில் இருக்கும் அம்பேத்கரை ஏன் மறைக்க வேண்டும்?

நேர்காணலுக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போ என்று நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்லி அனுப்புகிறோம். மே மாத வெயிலிலும்தான். காரணம், முன்கையில் 'ஜெய் பீம்' இருக்கிறது, அல்லது கண்ணாடி அணிந்த அந்த முகம் இருக்கிறது. வேலை கிடைத்த பிறகும் சட்டைக் கையை மடிக்காமலே காலம் தள்ளுகிறவர்களை நாம் அறிவோம்.

அலுவலகத்துக்கு டாட்டூ பொருந்தாது என்கிறார்கள். எந்த டாட்டூ? பக்கத்து இருக்கைக்காரரின் மணிக்கட்டில் இருக்கும் ஓம் பற்றியோ வேல் பற்றியோ எந்த ஹெச்.ஆரும் கேட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. நம் பாட்டிமார் கைகளில் குறத்திகள் குத்திய பச்சை பட்டிக்காட்டுத்தனமாம். ஆயிரக்கணக்கில் கொடுத்து ஏசி அறையில் குத்திக்கொண்டால் கலையாம். அம்பேத்கர் என்றால் மட்டும் 'அரசியல்'.

உடம்பில் எழுதுவது நமக்குப் புதிதல்ல. கோயிலுக்குள் விடாத சாதியினரின் மத்தியிலிருந்து சத்தீஸ்கரில் எழுந்த ராம்நாமிகள், ராமன் பெயரை உடம்பெங்கும் பச்சை குத்திக்கொண்டார்கள். நம் மீது பிறர் எழுதியதும் உண்டு. 1993இல் அமிர்தசரஸில் சான்சி சமூகப் பெண்கள் நால்வரின் நெற்றியில் போலீஸ்காரர்கள் 'ஜேப்படித் திருடி' என்று பச்சை குத்தினார்கள். அதற்குத் தண்டனை வர 2016 ஆனது. அந்த நெற்றியோடு யார் வேலை கொடுத்திருப்பார்கள்?

மத்திய ஆயுதக் காவல் படைகளில் இதற்கு எழுதப்பட்ட விதியே இருக்கிறது. சல்யூட் அடிக்கும் வலது முன்கையில் கூடாது. இடது முன்கையின் உட்புறத்திலோ புறங்கையிலோ இருக்கலாம். அந்த உறுப்பில் கால் பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். இதுவரை சரி, அளவெடுத்துப் பார்த்துவிடலாம். ஆனால் எதைக் குத்தலாம் என்ற இடத்தில், நாடு மதச்சார்பற்றது என்பதையே காரணமாகச் சொல்லி மதச் சின்னங்களையும் உருவங்களையும் பெயரையும் அனுமதிக்கிறது. கடவுளுக்கு வாசல் திறந்திருக்கிறது. அரசியல் சாசனத்தின் வரைவுக் குழுத் தலைவருக்கு?

"அப்படியானால் அவர்களும் தங்கள் சாதிப் பெயரைக் குத்திக்கொண்டு வருவார்களே" என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னதை நாம் வரவேற்றோம். கயிறு பிறந்த சாதியைச் சொல்லி எதிரில் இருப்பவனை எச்சரிக்கிறது. அம்பேத்கர் படம் யாரையும் கீழே தள்ளவில்லை. இரண்டும் ஒன்று என்பவர்கள் அவரைச் சாதித் தலைவராகச் சுருக்குகிறவர்கள். அது அவர்கள் பார்வையின் கோளாறு. அதே சமயம் 'சாதிச் சின்னம் கூடாது' என்று பொத்தாம்பொதுவாக விதி போட்டால், எது சாதிச் சின்னம் என்று தீர்மானிக்கும் நாற்காலியில் பெரும்பாலும் நாம் இருப்பதில்லை. முதல் அடி நம் மீதுதான் விழும்.

எனவே விதி வேண்டுமென்றால் எழுத்தில், வேலை விளம்பரத்திலேயே இருக்கட்டும். சாதிப் பெருமை, மிரட்டல், ஆபாசம் ஆகியவற்றை மட்டும் தடுக்கட்டும். நேர்காணல் அறையில் கையைப் பார்த்துவிட்டு முகம் மாறுவதற்குப் பெயர் விதி அல்ல.

சீருடைப் பணிக்குப் போக நினைக்கும் தம்பி தங்கைகள் இப்போதைக்கு வலது கையில் குத்திக்கொள்ள வேண்டாம். ஏற்கெனவே குத்தியிருந்து மருத்துவப் பரிசோதனையில் தகுதியில்லை என்றால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மறுபரிசோதனைக்கு வழியிருக்கிறது, கெடு தேதி முடிவதற்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.