ஊருக்குத் தெரியாமலா?

நாஜிகள் காலத்து யூத வதையைப் பற்றிப் பேச்செடுத்தால், ஜெர்மன் கிராமங்களில் நெடுங்காலம் ஒரே பதில்தான் வந்தது: எங்கள் ஊருக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் மேலிடத்துக்காரர்கள் செய்தது.

தெரியாதா? தென்மேற்கு ஜெர்மனியின் பாடன் கிராமங்களில் யூதர்கள் பலருக்கு மாட்டு வியாபாரம்தான் பிழைப்பு. தொழுவம் வரை வந்து விலை பேசி, தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்கள். அப்படிப்பட்ட குடும்பம் மூட்டையோடு தெருவில் இறங்கினால் யார் கண்ணுக்குப் படாது?

1940 அக்டோபர் 22, 23 தேதிகளில் பாடன், சார்-ஃபால்ஸ் பகுதிகளிலிருந்து 6,500க்கும் மேற்பட்ட யூதர்களைப் பிடித்து, பிரான்சின் கூர்ஸ் முகாமுக்கு ரயிலேற்றினார்கள். ஆளுக்கு 50 கிலோ சாமான், 100 மார்க் பணம், அவ்வளவே அனுமதி. மக்கள் இதை அநேகமாகக் கவனிக்கவே இல்லை என்று சில நாட்களில் அறிக்கை எழுதியவர் ஹைட்ரிச். "தெரியாது" என்ற வாதத்தை அப்போதே எழுத்தில் வைத்தவர் நாஜிப் பாதுகாப்புத் துறையின் தலைவர் என்பதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

புகைப்படங்கள் அவரைப் பொய்யாக்குகின்றன. கிப்பன்ஹைம் கிராமத்தில் நடுத்தெருவில் பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களில் லாரியும் காவலர்களும் மூட்டை சுமந்த மனிதர்களும் தெரிகிறார்கள். லோராக் என்ற நகரில் தெருவோரம் வேடிக்கை பார்க்கும் கூட்டம். பிறகு அதே ஊரில் யூதர் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது, வாங்க நெருக்கியடித்த கூட்டமும் படத்தில் இருக்கிறது.

மேலிடம் என்ற வாதமும் நிற்காது. அந்த நாடுகடத்தலை முன்னின்று நடத்திய ராபர்ட் வாக்னர் பாடன் மண்ணிலேயே பிறந்தவர். பவேரியாவின் குன்சன்ஹௌசனில் 1934 மார்ச் 25, குருத்தோலை ஞாயிறன்று உள்ளூர் நாஜி எஸ்.ஏ. படையினரும் ஊராரில் நூற்றுக்கணக்கானவர்களும் யூதர் வீடுகளில் புகுந்து அடித்தார்கள், இருவர் இறந்தனர். நாடு முழுவதும் யூத ஜெபக்கூடங்கள் எரிந்தது அதற்கு நாலரை ஆண்டுகள் கழித்துத்தான்.

பழையதைக் கிளறினால் ஊர் பிளவுபடும் என்பார்கள். கிளறாமல் விட்டதால் நேர்ந்ததையும் பார்க்க வேண்டும்: கிப்பன்ஹைம் ஜெபக்கூடம் போருக்குப் பின் பல ஆண்டுகள் வேளாண் பொருள் கிடங்காகக் கிடந்தது.

கிளறியவர்கள் இளைஞர்கள். பாடனில் யூதர்கள் நாடுகடத்தப்பட்ட 130க்கும் மேற்பட்ட ஊர்களுக்காக நினைவுக்கற்களைச் செய்யும் பணியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஊருக்கு இரண்டு கல். ஒன்று நெக்கார்சிம்மர்ன் என்ற ஊரில், தரையில் பதித்த தாவீதின் நட்சத்திர வடிவ மேடையில். மற்றொன்று அந்தக் குடும்பங்கள் வாழ்ந்த ஊரிலேயே.