தியாகம் என்ற சொல் போதுமா?

ஆசிரியர் என்றாலே 'தியாகம்' என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பயின்ற நானும் அச்சொல்லை மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். அமெரிக்காவின் வெர்ஜீனியா எஸ்டெல் ரண்டோல்ஃப் அம்மையாரைப் பற்றிப் படித்த பின்னர், அச்சொல் எனக்குப் போதவில்லை.

அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்த இக்கறுப்பின ஆசிரியை, 1892இல் வெர்ஜீனியா மாநிலத்தின் ஹென்ரிகோ வட்டாரத்தில் ஓரறைப் பள்ளி ஒன்றில் பொறுப்பேற்றார். சேற்றுப் பாதையில் சரளைக்கல் பரப்பினார். சுவருக்குச் சுண்ணாம்பு பூசச் செய்தார். வீடு வீடாகச் சென்று பெற்றோரைச் சந்தித்தார். பாடத்தோடு தையல், சமையல், தோட்டவேலையும் கற்பித்தார். 1908இல், அன்னா ஜீன்ஸ் அம்மையார் வழங்கிய நிதியின்கீழ் முதல் மேற்பார்வை ஆசிரியராக நியமிக்கப்பட்டு 23 பள்ளிகளைக் கவனித்தார். 57 ஆண்டுகள் உழைத்து, 1949இல்தான் ஓய்வு பெற்றார்.

போற்ற வேண்டியவர்தான். ஆனால், பாதை போடுவது ஆசிரியரின் வேலையா? கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப்பள்ளிகளில் ஒதுக்கி, அவற்றுக்கும் பணத்தைக் குறைத்தே கொடுத்தது அன்றைய அரசாங்கம். அந்தக் குறையை அவர் தம் உழைப்பால் நிரப்பினார். அதனைத் தியாகம் என்று மட்டுமே வாழ்த்தினால், கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவர்கள் எளிதில் தப்பித்துக்கொள்வார்கள். ஆசிரியருக்கு மாலை போடும் கைகள், அரசாங்கத்துக்கு மனுவும் எழுத வேண்டும் என்பதே என் கருத்து.