பெட்டியைத் திறப்போம்

விடுதி அறையிலுள்ள மலிவான ஸ்டீரியோ ஆம்ப்ளிபயர் 'உம்'மென்று இரைந்தால் உடனே குப்பையில் எறிகிறோம். அறிவியல் கற்போர்க்கு இது அழகன்று.

நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. டயோடுகள் அதை நேராக்குகையில் 100 துடிப்புகள் எழும். அவற்றை அடக்குவது மின்தேக்கி. அதன் உட்திரவம் வற்றுவதே பெரும்பாலும் இரைச்சலுக்குக் காரணம். தில்லி லஜபத்ராய் மார்க்கெட்டில் புதியது தேநீர் விலைக்குக் கிடைக்கும். 1000 மைக்ரோபாரட் இருந்த இடத்தில் அதையே, வோல்ட் குறையாமல், முனை மாறாமல் பற்றவைத்தால் போதும். ஆனால் பிளக்கைப் பிடுங்கி, தேங்கிய மின்சாரம் வடிந்த பின்னரே கை வைக்க வேண்டும்.

முதலில் பழுது நீங்கட்டும்; மாற்றியமைப்பது பிறகு. அதிலும் ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். அப்போதுதான் பயன் எதனால் விளைந்தது என்பது விளங்கும். சோதனைச்சாலை கற்பிப்பதும் இதுதானே?

சூத்திரம் அறிந்தும் திருகாணி கழற்ற அஞ்சும் கல்வியால் யாருக்கு நன்மை? நண்பர்களே, திறந்து பாருங்கள்!