மகள் நர்சு ஆக வேண்டுமா? கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்!

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வந்துவிட்டது.

மகள் பாஸ்! வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

"மேலே என்னம்மா படிக்கப் போகிறாய்?" என்று அப்பா கேட்கிறார்.

"நர்சு ஆகப் போகிறேன் அப்பா!" என்கிறாள் மகள்.

நல்ல ஆசை. அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போகிறார். "பிளஸ்-1ல் நர்சிங் பிரிவு இருக்கிறது" என்கிறார்கள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறார்.

"இரண்டே வருஷம். என் மகள் நர்சு!" என்று சொல்லிக்கொண்டே வீடு திரும்புகிறார்.

இங்கேதான் தவறு நேருகிறது.

நல்ல படிப்பு

தமிழ்நாட்டில் பிளஸ்-2 படிப்பு 1978-ம் ஆண்டு வந்தது. அதில் தொழிற்கல்வி என்று ஒரு பிரிவு உண்டு. அந்தப் பிரிவில் நர்சிங்கும் ஒரு பாடம்.

உடம்பு எப்படி வேலை செய்கிறது, நாடியை எப்படி எண்ணுவது, காய்ச்சலை எப்படி அளப்பது, புண்ணுக்கு எப்படிக் கட்டுப் போடுவது என்பதை எல்லாம் அதில் கற்றுக்கொள்ளலாம்.

"மார்க்கு குறைந்தவர்கள் படிக்கும் படிப்பு" என்று சிலர் இதை இளக்காரமாகப் பேசுகிறார்கள். அது தவறு.

இதைப் படித்த பெண் ஒருத்தி வீட்டில் இருந்தால், அந்த வீட்டுக்கே காவல்!

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் அவள் பதற மாட்டாள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு லிட்டர் எடுப்பாள். சமமாக வழித்த சிறு கரண்டியால் 6 கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு போட்டுக் கலக்குவாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் தூக்கிச் செல்வாள்.

ஆனால், அது முதல் படிதான்!

பிளஸ்-2வில் நர்சிங் படித்துவிட்டால் மட்டும் ஒருவர் நர்சு ஆகிவிட முடியாது. இதைப் பெற்றோர்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிளஸ்-2வுக்குப் பிறகுதான் நர்சுப் படிப்பே தொடங்குகிறது.

கிராமத்துச் சுகாதார நர்சு வேலைக்கு உரிய ஏ.என்.எம். படிப்பு 2 ஆண்டு. ஆஸ்பத்திரி நர்சுக்கு உரிய டிப்ளமா படிப்பு 3 ஆண்டு. பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு.

படித்து முடித்தபின், நர்சுகளுக்கு உரிய மாநில கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு 1926-ம் ஆண்டே சென்னை மாகாணத்தில் சட்டம் வந்துவிட்டது.

பி.எஸ்சி. நர்சிங் சேர வேண்டுமானால், பிளஸ்-2வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். இது தெரியாமல் பிரிவை எடுத்துவிட்டு, இரண்டு வருஷம் கழித்து, "உனக்கு இடம் இல்லை" என்ற பதிலைக் கேட்டால் அந்தப் பெண்ணின் மனம் என்ன பாடுபடும்?

மேலே படிக்க வழியில்லாத பெண், ஏதாவது ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் "உதவியாள்" ஆகிறாள். வேலை நர்சு வேலை. சம்பளம் உதவியாள் சம்பளம்!

மூன்று கேள்விகள்

பெற்றோர்களே! கையெழுத்துப் போடுமுன் தலைமை ஆசிரியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று: இந்தப் பிரிவைப் படித்தால் என் பிள்ளை எந்த எந்தப் படிப்பில் சேரலாம்? எதில் சேர முடியாது?

இரண்டு: ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் பயிற்சி கொடுப்பீர்களா? எத்தனை நாள்?

மூன்று: பாடம் நடத்துவது நர்சிங் படித்த ஆசிரியர்தானா?

கேட்க வெட்கப்பட வேண்டாம். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். மகளின் வாழ்க்கைக்கு மூன்று கேள்வி கேட்கக் கூடாதா?

பள்ளிக்கூடத்தின் கடமை

அமெரிக்காவில், ஹூஸ்டன் நகரில், மருத்துவத் துறைக்குப் போக விரும்பும் மாணவர்களுக்கு என்றே ஓர் உயர்நிலைப் பள்ளி 1972-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. அங்கே உள்ள மருத்துவக் கல்லூரியும் அதற்குக் கை கொடுத்தது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கைகோத்தால்தான் இந்தப் படிப்பு உருப்படும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

அந்த நாட்டில் 1987-ல் ஒரு சட்டம் வந்தது. முதியோர் மருத்துவ விடுதிகளில் வேலை பார்க்கும் நர்சு உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்றது அந்தச் சட்டம். அதில் 16 மணி நேரமாவது, மேற்பார்வையில் செய்து பழக வேண்டும்.

உதவியாளருக்கே அத்தனை கண்டிப்பு!

நம் பள்ளிகளிலும் நர்சிங் படிப்பு ஏட்டுச் சுரைக்காயாக இருக்கக் கூடாது. கட்டுப் போடுவதைப் படத்தில் பார்த்தால் போதாது. கையால் போட்டுப் பழக வேண்டும். பக்கத்து அரசு ஆஸ்பத்திரி அதற்குக் கதவைத் திறக்க வேண்டும்.

இந்தப் பிரிவைப் படித்தவர்கள் மேலே ஏற வழி வேண்டும். எந்தக் கல்லூரியில் சேரலாம் என்பதை, சேரும் நாளிலேயே தமிழில் அச்சிட்டுப் பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஆகாது. ஒரு தாள் போதும்!

நர்சு ஆக வேண்டும் என்று ஒரு பெண் சொன்னால், அவளைத் தடுக்காதீர்கள். பையன் சொன்னாலும் சிரிக்காதீர்கள்.

ஏணியில் ஏறட்டும். ஆனால், அந்த ஏணிக்கு எத்தனை படி என்று முதலிலேயே எண்ணிப் பார்த்துவிட்டு ஏற்றிவிடுங்கள்!