விதை போட்டால்தான் அடேனியத்துக்குத் தொப்பை!

நர்சரியில் அடித்தண்டு பருத்த அடேனியத்துக்குத் தனி விலை. அந்தத் தொப்பை, விதையிலிருந்து வளரும் செடிக்குத்தான் அழகாக வரும். கிளையை வெட்டி நட்டாலும் பூக்கும். தண்டு அப்படித் திரளாது.

விதை புதிதாக இருக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். நாளாக ஆக முளைப்புத்திறன் குறைந்துவிடும். தெரிந்தவர் வீட்டுச் செடியில் கொம்பு மாதிரி ஜோடியாகக் காய் தெரிந்தால் கூச்சப்படாமல் கேட்டுவிடலாம். காய் வெடிக்கும் முன்பே நூலால் சுற்றிக் கட்ட வேண்டும். விதையின் இரு முனையிலும் பஞ்சு உண்டு. கட்டாவிட்டால் எல்லாம் தெருவுக்குப் பறந்துவிடும்.

கோகோபீட்டும் கழுவிய மணலும் சம அளவு போதும். விதையைப் படுக்கவைத்து, மேலே மெல்லிசாக மண் தூவுங்கள். வெயில் காலத்தில் ஒரு வாரத்தில் முளை தெரியும். அதன்பிறகு தண்ணீர்தான் எமன்! மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். ஐப்பசி மழைக்கு சன்ஷேடுக்கு அடியில் நகர்த்திவிடுங்கள். தண்டு தொட்டால் மெத்தென்று அமுங்கினால், அழுகல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இதன் பால் விஷம். ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவிய சரக்கு இது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கிளை வெட்டினால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

'அடுக்குச் சிவப்பு விதை' என்று பாக்கெட்டில் போட்டிருப்பதை நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம். தாய்ச்செடியின் நிறமே விதைக்கன்றுக்கும் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பூத்த பிறகு நிறம் பிடிக்கவில்லையா? அதே தொப்பையின் மேல் பிடித்த ரகத்தை ஒட்டுக்கட்டிக்கொள்ளலாம்.