புதுவையைக் காணும் முறை

புதுவைக்குச் சென்று மீண்ட ஒருவரை, "அங்கே என்ன கண்டீர்?" என்று வினவினால், அவர் கடற்கரையைக் கூறுவார், காந்தியடிகள் சிலையைக் கூறுவார், மஞ்சள் வண்ணம் பூசிய பிரெஞ்சு மாளிகைகளைக் கூறுவார். இவை யாவும் காணத்தக்கனவே. ஆயினும், இவற்றை மட்டும் கண்டவர் புதுவையில் பாதியையே கண்டவராவர் என்பது என் கருத்து.

நகரின் நடுவே ஒரு கால்வாய் ஓடுகின்றது. அதன் கிழக்கே, கடலை அடுத்துப் பிரெஞ்சுக்காரர் வாழ்ந்தனர். மேற்கே தமிழர் வாழ்ந்தனர். 1954 அக்டோபர் 18 ஆம் நாள் கீழூரில் மக்கட் பேராளர் 178 பேர் வாக்களித்தனர். அவருள் 170 பேர் இந்தியாவுடன் இணைவதையே விரும்பினர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறிற்று. ஆட்சி மாறியும், காண வருவோர் பலருடைய கால்கள் இன்றும் கால்வாயைக் கடப்பதில்லை!

புதுவையைப் பிரெஞ்சுக்காரர் படைத்த ஊர் என்று எண்ணுவார் உளர். அஃது உண்மையன்று. பிரான்சுவா மார்த்தேன் இங்கு வந்தது 1674 இல். நகரின் தெற்கே, அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை 1945 இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். உரோம நாட்டு மதுச்சாடிகளின் உடைசல்கள் அங்கே வெளிப்பட்டன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இக்கரை கடல் வாணிகம் கண்டது என்பதற்கு அவை சான்று. நாம் வியக்கும் நேரிய தெருக்களும், 1693 முதல் 1699 வரை நகரைக் கைக்கொண்டிருந்த டச்சுக்காரர் வகுத்த திட்டத்தின் வழி வந்தவையே.

இனிக் கால்வாயின் மேற்கே செல்வோம். அங்கே ஆனந்தரங்கப் பிள்ளையின் இல்லம் உள்ளது. ஆளுநர் துய்ப்ளேக்கு மொழிபெயர்ப்பாளராய் விளங்கிய அவர், 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்ததும், போர் மூண்டதும், ஊரார் பேசியதும் அதில் இடம்பெற்றுள்ளன. அவர் இல்லத்தின் கீழ்த்தளம் தமிழர் முறையிலும், மேல்தளம் பிரெஞ்சு முறையிலும் அமைந்தவை. 1908 முதல் 1918 வரை புதுவையில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார் வாழ்ந்த இல்லமும், இந்நகரிலேயே 1891 இல் பிறந்த பாரதிதாசனின் இல்லமும் இப்பகுதியிலேயே உள்ளன. இவ்வளவு பெருமையும் மேற்கே இருக்க, கிழக்கு மட்டும் கண்டு மீள்வது எங்ஙனம் முறையாகும்?

இங்குள்ள பழைய வீடுகளுக்குத் தெருவை நோக்கிய திண்ணை உண்டு. வழிநடந்து களைத்தவன் யாரையும் கேளாமல் அதில் அமரலாம். அயலானுக்கும் இடம் வைத்துக் கட்டிய வீடு அது. அத்தகைய வீடுகள் பல இடிந்தன, பல இடிக்கப்பட்டன. இடிப்போரை மட்டும் பழித்தல் நேர்மையன்று. பழைய ஓட்டுக்கூரையைப் பேணப் பொருள் வேண்டும். உடன்பிறந்தார் பலர் ஒரு வீட்டைப் பங்கிட்டுக்கொள்ளுதலும் அரிது. ஆயினும் வழி இல்லாமல் இல்லை. வைசியாள் வீதியில் பழைய முகப்புகளும் திண்ணைகளும் செப்பனிடப்பெற்றன. அப்பணி 2008 இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. பொதுநிறுவனங்களும் வீட்டுக்காரரும் கைகோத்தால் இப்பணி ஏனைய தெருக்களிலும் இயலும்.

பலர் கண்டு போற்றுவதையே உலகம் பேணும். எவரும் காணாதது கேட்பாரின்றி அழியும். ஆதலின், காண்பதும் ஒரு காவலே. மாணவர்களே, நீங்கள் புதுவைக்குச் செல்லும்போது கடற்காற்றை நுகருங்கள். பின்னர்க் கால்வாயைக் கடந்து மேற்கே நடவுங்கள். அங்குள்ள ஒரு திண்ணையின் முன் நின்று, அதன் வரலாற்றை வீட்டாரிடம் கேளுங்கள். உங்கள் வினாவே அவ்வீட்டின் அருமையை அவர்க்கு நினைவூட்டினாலும் ஊட்டும்.